சாவி ஊதும் வழக்கம் வந்த வழி

பூட்டுக்காரர் சாவி வெட்டி முடித்ததும் அதை உதட்டருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் வாடிக்கையாளர் கையில் கொடுப்பார். இதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அரம் போட்ட சாவியில் பித்தளைத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். தூள் உள்ளே போனால் பூட்டு சிக்கும். சிக்கினால் அதே ஆள் மறுநாள் வந்து கடை வாசலில் நின்று சத்தம் போடுவான். சத்தத்துக்குப் பயந்த மனிதர் அவர். ஆகவே ஊதினார். வருஷக்கணக்காக ஊதிக்கொண்டிருந்தார். தான் ஊதுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

மற்றவர்களுக்குத் தெரிந்தது. புதுச் சாவி வாங்கிப்போனவர்கள் வீட்டு வாசலில் நின்று, தாங்களும் ஒரு ஊது ஊதிவிட்டுக் கதவைத் திறந்தார்கள். அவர்களைப் பார்த்து அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் ஊதினார்கள். அவர்களைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் ஊதினார்கள். வங்கி மேலாளர் ஒருநாள் பெட்டக அறையை ஊதித் திறந்தார். அதற்கப்புறம் அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் ஊதாமல் ஒரு அலமாரிகூடத் திறக்கவில்லை. கடைசியில் ஊர் மேயர், புதிய நூலகத்தின் திறப்பு விழாவில், தட்டில் வைத்து நீட்டிய சாவியை எடுத்துக் கன்னம் உப்ப ஊதினார். கூட்டம் கைதட்டியது. செய்தித்தாள்களில் படம் வந்தது. ஊதாமல் கதவைத் திறக்கிறவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்று பேசுகிற அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

பூட்டுக்காரரும் அவர் மனைவியும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மனைவி தெருக்கோடியில் இருந்த சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"எங்க கடைக்கு வர்ற ஒரு அம்மா பீரோவைக்கூட ஊதித்தான் திறக்கறாங்களாம். எதுக்குன்னு கேட்டேன். அப்பதான் குடும்பம் விளங்கும்னாங்க."

"நான் தூள் போறதுக்கு ஊதறேன்."

"போய் அந்தம்மாகிட்ட சொல்லிப் பாருங்க. அடிதான் விழும்."

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் பண்பாட்டுப் பரவல் ஆணையத்தின் கள ஆய்வாளர் கடைக்கு வந்தார்.

எந்தப் பழக்கம் எந்த ஊரில் தோன்றி எப்படி அடுத்த ஊருக்குப் போகிறது என்று கவனிப்பதற்காக அரசு அமைத்த ஆணையம் அது. கள ஆய்வாளர் ஒல்லியான மனிதர். கையில் அளவு நாடா, பையில் சுண்ணாம்புக் கட்டி. சாவி வெட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து பூட்டுக்காரர் கை நீட்டினார். ஆய்வாளர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முதல்ல ஊதினது நீங்கதானே?"

"நான் எப்பவும் ஊதறதுதான் சார்."

"எங்க நின்னுக்கிட்டு?"

"நிக்கறதில்ல சார். இந்த ஸ்டூல்ல உக்காந்துதான்."

ஆய்வாளர் மண்டியிட்டு உட்கார்ந்து, ஸ்டூலைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "ஊற்றிடம்ங்க. இதுக்கு நாங்க ஊற்றிடம்னு பேர் வச்சிருக்கோம். ஒரு வழக்கம் பிறந்த இடம். நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து ஒண்ணைக்கூட நேர்ல பார்த்ததில்ல."

பூட்டுக்காரருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

அடுத்து தெருவில் பந்தல் போட்டார்கள். ஆணையத் தலைவரே வந்து பேசினார். வெள்ளை மீசை, அன்பான முகம், தடங்கலில்லாத பேச்சு.

"பண்பாடு தண்ணீரைப் போலப் பரவும் என்பார்கள். உண்மைதான். ஆனால் தண்ணீரை நாம் குழாயில் அல்லவா விடுகிறோம்? அனுமதி இல்லாமல் பரவுகிற தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். இதுவரை நம் மக்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர், யாரையும் கேட்காமல், தாங்களாகவே பழகிக்கொண்டார்கள். அந்த இருண்ட காலம் இன்றோடு முடிந்தது!"

எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் ஒருவர் தட்டினார், அவரைப் பார்த்து மற்றவர்கள் தட்டினார்கள். ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

பூட்டுக்காரரின் கடையை மையமாக வைத்துத் தெருவில் வளையம் வளையமாக மஞ்சள் கோடு போட்டார்கள். ஊற்றிடத்துக்குப் பக்கத்தில் வழக்கம் வலுவாக இருக்கும், தூரம் போகப் போகத் தேயும் என்பது ஆணையத்தின் விதி. அந்த விதிப்படி முதல் வளையத்துக்காரர்கள் பலமாக ஊத வேண்டும், அடுத்த வளையத்தில் கொஞ்சம் மெதுவாக, ஊர் எல்லையில் உதட்டைக் குவித்தால் போதும். அளக்கப் போனவர்களுக்கு இடி விழுந்தது. ஊர் எல்லையில் சைக்கிள் பூட்டைத் திறக்கிறவன்கூட நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து ஊதினான். ஊற்றிடத்தை ஒட்டின கடைக்காரர், கடிகாரம் பழுது பார்க்கிறவர், ஊதவே இல்லை.

கடிகாரக்காரர் பூட்டுக்காரருக்கு அண்ணன் முறை மாதிரி. கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பழகின உறவு. ஆய்வாளர் அவரிடம் போய்ப் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு இழுப்பு நோய் இருக்கு தம்பி," என்றார் கடிகாரக்காரர். "ஒரு வாய் ஊதினா ராத்திரி பூரா இருமணும். அதுவும் இல்லாம, கடிகாரத்துல ஊதினா எச்சில் தெறிச்சு துரு பிடிக்கும். நான் ஊதாமயே பழகினவன்."

"நீங்க முதல் வளையத்துல இருக்கீங்க ஐயா."

"இருந்துட்டுப் போறேன்."

"இருக்க முடியாதுங்க," என்றார் ஆய்வாளர், வருத்தத்தோடு.

மறுநாள் காலையில் பூட்டுக்காரர் கடை திறக்க வந்தபோது பக்கத்துக் கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. உள்ளே கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டி ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. தெருவில் யாரும் எதுவும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை எல்லோரும் ஒரே மாதிரி, ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள்.

"அண்ணன் எங்க சார்?" என்று பூட்டுக்காரர் ஆய்வாளரைக் கேட்டார்.

"தூரத்துல இருக்கார்."

"எவ்வளவு தூரத்துல?"

"அவர் ஊதற அளவுக்கு ஏத்த தூரத்துல."

அன்றிலிருந்து பூட்டுக்காரர் ஊதுவதை நிறுத்திக்கொண்டார். சாவியைச் சட்டை நுனியில் துடைத்து, சத்தம் காட்டாமல் கொடுத்தார். இது எவ்வளவு பெரிய பிசகு என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் சாவியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சாவி துடைப்பதற்கென்றே இடுப்பில் ஒரு துண்டுத் துணி செருகியிருந்தார்கள்.

ஆய்வாளர் ஓடி வந்தார். "என்னங்க இப்படிப் பண்றீங்க? ஊதற வழக்கத்தையே இன்னும் முழுசா அளந்து முடிக்கல. அதுக்குள்ள ரெண்டாவதா? ஊற்று திடீர்னு வத்தக்கூடாது. திசையும் மாறக்கூடாது. ஊதுங்க."

"இஷ்டம் இல்ல சார்."

"இஷ்டத்தை யாரு கேட்டா? ஊதுங்க."

ஊதினார். அன்று முதல் வட்டத்துக்கு வெளியே ஒரு கண்காணிப்பாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பூட்டுக்காரர் தலையைச் சொறிந்தாலும் அவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் வட்டத்துக்கு வெளியே நின்று கையை நீட்டி வாங்கிப்போனார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மேயரின் கண்ணில் தூள் விழுந்தது. ஒரு புதுப் பள்ளிக்கூடத்தைத் திறக்கப் போனவர், வேறு யாரோ அப்போதுதான் வெட்டிக் கொடுத்த சாவியை முகத்துக்கு நேரே பிடித்து வழக்கம்போலக் கன்னம் உப்ப ஊதினார். பித்தளைத் தூள் அப்படியே கண்ணில் ஏறியது. மறுநாள் செய்தித்தாளில் கண்கட்டோடு படம் வந்தது. கூட்டத்தில் ஒருவன் சிரிப்பதும் அந்தப் படத்தில் தெரிந்தது. அந்த ஒருவன் யார் என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை, அவன் வீட்டாருக்கும்.

ஆணையத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். அதன் முடிவைத் தலைவர் வானொலியில் சொன்னார். "நம் ஊரில் நல்லவை தோன்றும். கெட்டவை வரும். இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. சாவி ஊதுவது நல்லதாக இருந்த வரையில் இங்கே தோன்றியதாக இருந்தது. இப்போது வந்ததாகிவிட்டது. எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்பது மட்டும்தான் பாக்கி."

ஆற்றின் படமும் இரண்டு கரைகளும் போட்ட பெரிய வரைபடம் ஒன்றை ஆணையத்தின் கூடத்தில் மாட்டினார்கள். அக்கரையிலிருந்து கிளம்பி ஆற்றைத் தாண்டி, பூட்டுக்காரர் வீடு இருக்கும் சந்தில் வந்து குத்துகிற மாதிரி ஒரு சிவப்பு அம்புக்குறி. அது அச்சாகி, சட்டம் போட்டு, மாட்டியும் ஆகிவிட்டது. அந்தச் சந்தில் அக்கரையிலிருந்து வந்த ஆள் ஒருத்திதான்.

விசாரணைக்கு மனைவியைக் கூப்பிட்டார்கள். பூட்டுக்காரரும் கூடவே போனார். உயரமான ஜன்னல்களும் நீள மேசையும் உள்ள அறை. மேசைக்குப் பின்னால் தலைவர் நடுவில் இருந்தார், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். தலைவர் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் பூட்டுக்காரர் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. அக்கரையிலேர்ந்து வரும்போது என்னென்ன கொண்டுவந்தீங்க?"

"ஒரு பெட்டி சார். மாத்துத் துணி. ஒரு சீப்பு."

"பழக்கவழக்கம்?"

அவள் யோசித்தாள். "தூங்கும்போது கால் மேல கால் போட்டுக்குவேன். அது ஆகாதுன்னு எங்க மாமியார் திட்டுவாங்க."

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"அங்க சாவியை ஊதுவீங்களா?"

"சாவியே கிடையாதே சார் எங்க ஊர்ல. கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள்தான். எங்க வீட்டுல வந்து யாரு என்னத்த எடுத்துக்கிட்டுப் போகப்போறா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

பூட்டுக்காரருக்கு உயிர் வந்தது. சாவியே இல்லாத ஊரில் சாவி ஊதும் வழக்கம் எப்படி இருக்கும்? இத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். ஆனால் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகம் மலர்ந்திருந்தது.

"பார்த்தீர்களா?" என்றார் தலைவர், மற்றவர்கள் பக்கம் திரும்பி. "மிச்சம் மீதி வைக்காமல் கொண்டுவந்துவிட்டார்கள். வழக்கமும் இல்லை, சாவியும் இல்லை. அக்கரையைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்."

"ஐயா," என்று பூட்டுக்காரர் எழுந்தார். "அவ ஒண்ணும் கொண்டுவரல. நான்தான் ஊதினேன். தூள் போறதுக்காக ஊதினேன்."

தலைவர் அவரைக் கனிவோடு பார்த்தார். "நீங்க ஊதினது உண்மை. அதை யாரும் மறுக்கல. ஏன் ஊதினீங்கன்றதை நாங்க சொல்லுவோம். அது உங்க வேலை இல்ல, உக்காருங்க." பிறகு அவளிடம் திரும்பினார். "இஸ்திரி வேலைதானேம்மா? கரிப் பெட்டியா?"

"ஆமா சார்."

"தணல் மங்கினா என்ன பண்ணுவீங்க?"

"ஊதுவேன்."

எழுத்தரின் பேனா நின்றது.

"ஊதுவீங்க," என்றார் தலைவர்.

"ஊதாம தணல் எப்படி சார் பிடிக்கும்?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு அந்த அமைதி உறைத்தது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

தீர்ப்பு என்று அதைச் சொல்லவில்லை. 'மூலத்துக்குத் திருப்புதல்' என்று பெயர். வழக்கத்தை வந்த இடத்துக்கே அனுப்பி வைப்பார்கள்; வழக்கம் தனியாகப் போகாது என்பதால் கொண்டுவந்தவரும் கூடப் போக வேண்டும்.

"வழக்கத்தை மட்டும் அனுப்ப முடியாதா சார்?" என்று வாசலில் ஆய்வாளரிடம் கெஞ்சினார் பூட்டுக்காரர்.

"பாத்திரம் இல்லாம தண்ணியை அனுப்ப முடியுமாங்க?"

"அப்ப நானும் போறேன். நான்தானே ஊற்றிடம்?"

"நீங்க இப்ப ஊற்றிடம் இல்ல. அம்புக்குறி மாறினதுலேர்ந்து நீங்க வழி."

"வழியா?"

"அது உங்க வழியா ஊருக்குள்ள வந்திருக்கு. அதனால நீங்க வழி. வழி எங்கயும் போகாதுங்க, அங்கயே இருக்கும்." ஆய்வாளர் இதைச் சொல்லும்போது பூட்டுக்காரரின் கண்களைப் பார்க்கவில்லை.

வீட்டில் அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். இஸ்திரிக்காரி மடிக்கிற மடிப்பு. ஓரம் ஓரத்தோடு ஒட்டியிருக்கும். அவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நீங்க இருங்க," என்றாள். "கடை இருக்கு. இந்தக் கூத்து கொஞ்ச நாள்ல அடங்கிடும். நான் வந்துடுவேன்."

"கடிகார அண்ணன் வந்தாரா?"

அவள் சீப்பை எடுத்துத் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். "எங்க ஊர்ல பூட்டே கிடையாது. வந்து என்ன வேலை செய்வீங்க?"

"தாழ்ப்பாள் அடிச்சுக் குடுக்கறேன். தாழ்ப்பாளும் இரும்புதானே."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கையால் ஒதுக்கி இடம் செய்து, அவருடைய இரண்டு சட்டைகளை எடுத்து உள்ளே வைத்தாள்.

படகுத்துறையில் ஆய்வாளர் தடுத்தார். பூட்டுக்காரர் வாதாடவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். மறுபக்கத்துக் கைப்பிடி அவள் கையில். காவலர்கள் இழுத்துப் பார்த்தார்கள். இழுத்தால் அவளும் சேர்ந்து வந்தாள். தள்ளினால் அவரும் சேர்ந்து போனார். பின்னால் படகுக்கு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆய்வாளர் நகத்தைக் கடித்தபடி யோசித்தார். வழியை இங்கே வைத்துக்கொண்டால் நாளைக்கு இதே வழியாக வேறு ஏதாவது வந்து தொலைக்கும், அதற்கும் தன்னைத்தான் கேட்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ரெண்டு பேருமே ஏறுங்க," என்றார். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "திரும்பி வராதீங்க," என்று மெல்லச் சொன்னார். அது உத்தரவா உபகாரமா என்று பூட்டுக்காரருக்குப் புரியவில்லை.

அலை அதிகமில்லாத நாள். வழியெல்லாம் அவள் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். துறையில் இறங்கினதும் ஒரு மேடு, மேட்டில் ஏறினால் தம்பி வீடு தெரியும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், நேரே நடந்து போகலாம். கரை நெருங்க நெருங்க அவள் பேச்சு குறைந்தது. துறை முழுக்க ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வாசல். அதற்கு உள்ளே புதுச் சுண்ணாம்பு வாசனை போகாத ஒரு கட்டடம். அதன் நெற்றியில் பலகை: பண்பாட்டுப் பரவல் ஆணையம்.

காவலர் அவர்களை உள்ளே கூட்டிப்போனார். மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அதே மாதிரி மேசை, அதே மாதிரி உயர ஜன்னல்கள். மீசை மட்டும் கறுப்பு.

"இது எப்ப சார் இங்க வந்துச்சு?" என்று அவள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

அதிகாரிக்கு முகம் சுண்டிவிட்டது. "வந்துச்சா? இந்த ஆணையம் இங்க தோன்றினதும்மா. இங்கேர்ந்துதான் அக்கரைக்குப் போச்சு. அவங்க எங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க. அதுக்கே இன்னும் அவங்க மேல ஒரு விசாரணை பாக்கி இருக்கு." எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார். ஆறும் இரண்டு கரையும் அப்படியே. சிவப்பு அம்புக்குறிதான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. "இப்ப அக்கரையிலேர்ந்து கதவுல ஊதற வழக்கம் ஒண்ணு எங்க ஜனங்களுக்கு வந்திருக்கு. பூட்டே இல்லாத ஊர்ல தாழ்ப்பாளைப் பார்த்து ஊதறாங்க. எதுக்கு ஊதறோம்னு தெரியாம, திருடனுக்குத்தான் போலன்னு பயம் வந்து, ஒவ்வொருத்தரா பூட்டு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. யாரு கொண்டுவந்தாங்கன்னு தேடிக்கிட்டே இருக்கோம்." மறுபடி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் என்ன கொண்டுவந்தீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூட்டுக்காரர் கைகள் இரண்டையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். உதட்டை இறுக்க மூடினார். மூச்சைக்கூட மூக்காலேயே அளந்து விட்டார். இந்த அறையில் தன்னிடமிருந்து எதுவும் கிளம்பி யாரிடமும் போய்ச் சேரக்கூடாது என்று நினைத்துக்கொண்டார். அவளும் அப்படியே உட்கார்ந்தாள். அதிகாரி காத்திருந்தார். காவலர் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றார். வெயில் ஜன்னல் வழியாக மேசைமேல் விழுந்து கிடந்தது.

அவள் பாவம், பெட்டி கட்டின நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. படகு வேறு ஆட்டியிருந்தது. எவ்வளவு அடக்கியும் முடியாமல், கண்ணில் நீர் கோக்க, ஒரு கொட்டாவி விட்டுவிட்டாள்.

பூட்டுக்காரர் பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. அவருக்கும் வந்துவிட்டது.

கதவருகே காவலர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மெல்ல ஏறி இறங்கியது.

அதிகாரி பேனாவை வைத்தார். மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "முதல்ல யாரு?"

அவள் கை உயரப் போயிற்று. பூட்டுக்காரர் அதைப் பிடித்து மடியில் இறக்கி வைத்துவிட்டு, தன் கையைத் தூக்கினார்.

"நான்தான் சார்."

"எங்கேர்ந்து கொண்டுவந்தீங்க?"

"எங்கேர்ந்தும் இல்ல. எனக்கே வந்துச்சு."

அதிகாரி அதை எழுதிக்கொள்ளக் குனிந்தார். குனிந்தவரின் தாடை மெல்ல இறங்குவதை, அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிய காவலர் பார்த்துவிட்டார்.